மட்டாஞ்சேரியில் ஒரு கனத்த கிணறு

காலிப் பாட்டில்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் நம் நாட்டில் இரண்டே வகை. ஒருவர் பழைய பேப்பர்க்காரர், மற்றவர் சாராயம் கடத்துகிறவர். எறணாகுளம் படகுத்துறையில் என்னை இரண்டாவது வகையில் சேர்த்தார்கள். கைத்தறிப் புடவை, மூக்குக்கண்ணாடி, குடை இவ்வளவையும் மீறித்தான் சேர்த்தார்கள். என் மரப்பெட்டியைத் தூக்கிய போர்ட்டர் அது கிணுகிணுத்ததும் நின்று, கண்ணைச் சிமிட்டி, "நிறைஞ்சதா, ஒழிஞ்சதா?" என்று கேட்டார். காலிதான் என்றேன். அவர் முகம் அப்படியே வாடிவிட்டது. வாடிய முகத்தோடு கூலியைக் கூட்டிக் கேட்டார்.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். எண்பதுகளின் தொடக்கம் அது. நாற்பதை நெருங்கும் வயதில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளும் சபலம் எனக்கு வந்திருந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர் கடலோரக் கிணறுகளை ஆராய்கிறவர். கடலோரத்துக்கு மட்டும் போகமாட்டார், உப்புக்காற்று பட்டால் மூக்கடைத்துக்கொள்ளுமாம். ஆகவே நான் போவேன், அவர் கட்டுரை எழுதுவார்.

எங்கள் ஆராய்ச்சி ஆக்சிஜனைப் பற்றியது. ஆக்சிஜன் அணுக்களில் ஏறக்குறைய ஐந்நூறுக்கு ஒன்று கொஞ்சம் சதை போட்டது. சாதாரணமானதற்குப் பதினாறு என்று எண் என்றால் இதற்குப் பதினெட்டு. இதில் கதிர்வீச்சு கிடையாது, அழிவு கிடையாது, யாரையும் ஒன்றும் செய்யாது. உங்கள் வீட்டுச் சொம்பிலும் இருக்கிறது, கங்கையிலும் இருக்கிறது, சாக்கடையிலும் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு பழங்காலக் கிளிஞ்சலைப் பார்த்து அந்தக் காலத்துக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்கிறார்கள். துருவத்துப் பனிக்கட்டியைத் தோண்டி எந்தக் காலத்தில் குளிர் அதிகம் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லை. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும்.

அதைச் சொல்ல முடிவது கனத்த ஆக்சிஜனின் சோம்பேறித்தனத்தால். சம்பந்தி வீட்டுப் பெரியப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியிலிருந்து கடைசியாகத்தான் எழுந்திருப்பார், கட்டிலைக் கண்டால் முதல் ஆளாகச் சாய்ந்துவிடுவார். கனத்த ஆக்சிஜன் உள்ள தண்ணீரும் அப்படித்தான். ஆவியாகும்போது கடைசியில் கிளம்பும், மழையாகும்போது முதலில் விழும். ஆகவே கரையோரத்து மழையில் கனம் அதிகம். மேகம் மலை ஏறுவதற்குள் கனத்ததெல்லாம் விழுந்து தீர்ந்து, மலைமழை லேசாகிவிடும். மலையிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீரும் லேசு. இரண்டையும் நாக்கால் பிரிக்க முடியாது, எடை பார்க்கும் கருவி பிரித்துவிடும்.

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் வியாபாரம் செய்கிற ராவுத்தர் ஒருவர். தலைமுறை தலைமுறையாக அங்கேயே ஊன்றிவிட்ட தமிழ்க் குடும்பம். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு கிணறு. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் கரிக்கும், இவருடையது மட்டும் இனிக்கும். ஒருவனிடம் மட்டும் நல்லது இருந்தால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? திருடியது என்றுதான். ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து எடுத்து அனுப்பும் குழாய்த் தண்ணீரை, மண்ணுக்கடியில் குழாயை உடைத்துத் தன் கிணற்றுக்குள் விட்டுக்கொள்கிறார் என்று புகார் போனது. கிணற்றை மண் போட்டு மூடப்போவதாகத் தண்ணீர் இலாகா நோட்டீஸ் அனுப்பியது. ராவுத்தரின் மைத்துனர் திருச்சியில் மிளகு மொத்த வியாபாரி, பேராசிரியருக்குச் சிநேகிதர். அப்படித்தான் ஒரு திருட்டு வழக்கு ஆக்சிஜனிடம் வந்து சேர்ந்தது.

தங்கும் விடுதிக்குப் போக ஏறிய படகு நடுக்காயலில் நின்றுபோனது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் மொத்த பஸ்ஸும் இறங்கி, டிரைவரின் பரம்பரையை விசாரித்து, பிறகு தள்ளும். இங்கே யாரும் தலை நிமிரவில்லை. எல்லோரும் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள். எனக்குப் பின்னால் இருவர் பேசிக்கொண்டது எனக்குப் புரிந்த மட்டில் இது:

"மந்திரிசபை நிற்குமா?"

"படகே நிற்கிறது. அது மட்டும் ஓடுமா?"

நாட்டிலேயே படித்தவர்கள் அதிகம் இருக்கிற ஊர் என்று பெருமைப்படுகிறார்களே, அது இதற்குத்தான் போலிருக்கிறது. படித்துக்கொண்டே மிதக்கலாம். கடைசியில் வேறொரு படகு வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்துப்போனது.

தங்கியது தேவராவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில். சாப்பாட்டு மேசையில் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் வைத்தார்கள். யாரோ கை கழுவிய தண்ணீர் என்று நினைத்துத் தள்ளி வைத்தேன். அதுதான் குடிக்கிற தண்ணீராம், ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சியது. வெறும் தண்ணீர் வேண்டும் என்றேன். பரிமாறிய சிஸ்டர் விஷம் கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். காவிரி மணலைக் கையால் தோண்டி ஊறின தண்ணீரை அப்படியே குடித்து வளர்ந்தவள் நான். இவர்கள் ஆறும் காயலும் கடலும் மழையுமாக வைத்துக்கொண்டு, எதையும் அடுப்பில் ஏற்றாமல் வாயில் வைக்கமாட்டார்கள். சோறு வேறு ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. புட்டும் கடலையும் மட்டும் நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை தண்ணீர் இலாகா அதிகாரியைப் பார்க்கப் போனேன். மேசை மேல் ஒரு காகிதம்கூட இல்லை, கண்ணாடிக்கு அடியில் குருவாயூரப்பன் மட்டும் இருந்தார். நல்ல இங்கிலீஷ் பேசினார். நல்ல இங்கிலீஷில் ஒன்றும் சொல்லாமல் இருக்கத் தெரிந்தவர்.

"கிணற்றில் குளோரின் வாடை இல்லையாமே" என்றேன்.

"மண்ணில் இறங்கினால் வாடை போய்விடும், மேடம்."

"குழாயைத் தோண்டிப் பார்த்தீர்களா?"

"தோண்டினால் ரோடு கெடும். ரோடு வேறு இலாகா."

கிணற்றை மூடினால் மட்டும் எந்த இலாகாவும் கெடாது போலும். கனத்த ஆக்சிஜனைப் பற்றிச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். கேட்டாரா, தூங்கினாரா என்று எனக்குச் சந்தேகம். முடிவில் கண்ணைத் திறந்து, "சரி, ஒரு தாள் கொண்டு வாருங்கள். சயன்ஸ் என்றால் சயன்ஸ். அதுவரை நோட்டீஸை நிறுத்தி வைக்கிறேன்" என்றார். நல்ல மனிதர் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

மட்டாஞ்சேரிக்குப் பாட்டில் பெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது, ஐரோப்பியர் கூட்டம் ஒன்று பழம்பொருள் கடையில் போன மாதம் செய்த பழைய விளக்கைப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. கிடங்குகளில் சுக்குத் தூசி பறந்து தும்மலாக வந்தது. ராவுத்தர் வாசலிலேயே நின்றிருந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். பேசும்போது கைவிரல்களைச் சேர்த்துத் தேய்ப்பார், எப்போதும் மிளகு பார்க்கிற கை.

"டீச்சர், இது எங்க அத்தாவுக்கு அத்தா வெட்டின கிணறாக்கும். பைப்பு வந்தது எப்போ, கிணறு வந்தது எப்போ? வெள்ளத்தைத் திருடறதுக்கு நான் என்ன எரப்பாளியா? கிணறு போனாப் போகட்டும். கள்ளன்னு பேரு வாங்கிட்டு நான் எப்படிக் கடையில இருக்கறது? மிளகுல கல்லு கலந்தான்னு நாளைக்குச் சொல்ல மாட்டாங்களா?"

வியாபாரத்தில் பெயர் போனால் போனதுதான். அவர் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் எரிச்சல் வந்தது, ஏனென்றால் புகார் கொடுத்தது யார் என்று விசாரித்தால், அந்தக் கிணற்றிலேயே தினமும் தண்ணீர் எடுக்கிற சந்து ஜனம்.

அவர்களில் முக்கியமானவள் எதிர்வீட்டுக் கோமதி மாமி. பாலக்காட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சந்திலேயே அவள் வீட்டில்தான் குழாய் உண்டு. விடியற்காலையில் கொஞ்ச நேரம் சொட்டும், அப்புறம் காற்றுதான். ஆகவே மாமி தன் சொந்த வாளியும் சொந்தக் கயிறும் எடுத்துக்கொண்டு வந்து ராவுத்தர் கிணற்றில் சேந்திக்கொள்வாள்.

"கிணத்துக்கு ஏது ஜாதி? வாளிதான் முக்கியம், கேட்டேளா" என்றாள் என்னிடம். குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு சொல்றேன். எங்காத்துக் குழாயிலே வெள்ளம் வராத அன்னைக்குத்தான் ராவுத்தர் கிணறு நெறையறது. நான் கண்ணாலே பாத்திருக்கேனாக்கும்" என்றாள்.

"அப்போது மழைக்காலமா மாமி?"

"மழைக்காலம்தான். அதுக்கென்ன?"

மழைக்காலத்தில் கிணறு நிறைவதைத் துப்பறிந்தவள் உலகத்தில் இவள் ஒருத்திதான். இந்தச் சந்துக்கு அடியில் மணல், மணலுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது, உப்புத் தண்ணீருக்கு மேல் நல்ல தண்ணீர் மிதக்கிறது என்பது என் ஊகம். ஊகத்தை அதிகாரி ஏற்கமாட்டார்.

குழாய் விடியற்காலையில்தான் வரும் என்பதால், பாட்டில்களை வீடுவீடாகக் கொடுத்துவிட்டு வந்தேன். கழுத்துவரை நிரப்பி, உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல், மூடியை இறுக்கி வைக்கச் சொன்னேன். மாமியிடம் குழாய்க்கு ஒன்று. ராவுத்தரின் மனைவி சுபைதாவிடம் கிணற்றுக்கு ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க மற்ற வீடுகளில் கரிக்கிற கிணறுகளுக்கும் கொடுத்தேன். யாருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று தெளிவாகச் சொன்னேன்: "வேறு எதுவும் வேண்டாம். குடிக்கிற தண்ணி, அது மட்டும்." இவ்வளவு எளிமையாக எந்தப் பேராசிரியர் சொல்வார் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

நடுவில் ஆலுவாவுக்குப் போய்ப் பெரியாற்றிலேயே ஒரு பாட்டில் பிடித்துவந்தேன். அந்தப் பஸ் பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை. களமசேரியில் தொழிற்சாலை ஷிப்டு முடிந்த மொத்தக் கூட்டமும் ஏறியது. என் மடியில் யாரோ ஒருவருடைய சேனைக்கிழங்கு. அவர் இறங்கும்போது நன்றி சொல்லவில்லை, கிழங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை பாட்டில்களைச் சேகரிக்கச் சந்துக்கு வந்தேன். சுபைதா பத்திரி என்கிற அரிசி ரொட்டியும் சாயாவும் வைத்தாள். பத்திரியைப் பற்றிக் குறை சொல்ல முடியவில்லை, முயன்றும் பார்த்தேன். பாட்டில்கள் எல்லாம் வரிசையாக, மூடி இறுக்கி, துடைத்துப் பளபளவென்று நின்றன. ஒன்றைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது.

வெயிலில் வைத்திருப்பார்கள் என்று நினைத்து அடுத்ததை எடுத்தேன். அதுவும் வெதுவெதுப்பு. மாமியின் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே, அடியில், ஒரு சீரகம்.

"சுபைதா, இது என்ன?"

"ஏன் டீச்சர், குறைஞ்சு போச்சா?"

"சூடு ஏன்?"

"வெட்டித் திளைக்க வெச்சு, நல்லாக் கொதிக்க விட்டு, ஆத்தினதாக்கும். தூரதேசத்துக்கு அனுப்பறீங்களே, கெட்டுப் போகக்கூடாதேன்னு நான் ரெண்டு தடவை திளைப்பிச்சேன். சீரகம் போடல்லே. டெஸ்ட்டுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியுமே." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் படித்தவளின் பெருமை.

எதிர்வீட்டு வாசலிலிருந்து மாமி, "நான் போட்டேன். வெறும் வெள்ளத்தை எப்படிக் குடுக்கறது? நாலு பேர் பாக்கற எடமாச்சே" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடி ஆவி பிடித்தது. "நான் என்ன சொன்னேன்? எதுவும் செய்யாதீர்கள், அப்படியே பிடித்துவையுங்கள் என்றுதானே?"

"இல்லையே" என்றாள் சுபைதா, சற்றும் பயப்படாமல். "குடிக்கிற தண்ணின்னு சொன்னீங்க. பச்சவெள்ளம் யாரு குடிப்பா?"

பச்சவெள்ளம் என்றதும் எனக்குப் பாசி பிடித்த ஏரி ஒன்று கரை உடைத்து வருவதுதான் மனதில் வந்தது. காய்ச்சாத தண்ணீருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயராம். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க அது. குடிக்கிற தண்ணீர் என்றால் அடுப்பில் ஏறி இறங்கியது. அதற்கு மேல் விளக்கம் யாரும் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. சந்து முழுக்க, ஜாதி மதம் பேதமில்லாமல், எல்லா வீட்டிலும் காய்ச்சியிருந்தார்கள். கேரளத்தில் நான் கண்ட ஒரே ஒற்றுமை இதுதான்.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ராவுத்தர் கடையிலிருந்து வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். "காய்ச்சும்போது லேசான தண்ணீர் முதலில் ஆவியாகப் போய்விடும். கனமானது பாத்திரத்தில் தங்கிவிடும். காய்ச்சக் காய்ச்சக் கனம் கூடும்."

அவர் விரலைத் தேய்த்தார். "சுக்கு காயறப்போ தூக்கம், அதான் எடை, குறையும், காரம் உள்ளேயே நிக்கும். அது மாதிரியாக்கும், இல்லையா?"

"அதே மாதிரிதான்."

பேராசிரியருக்கே இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு கோடை விடுமுறை ஆகியிருந்தது.

எந்த வீட்டில் எவள் எவ்வளவு நேரம் அடுப்பை எரித்தாள் என்பதைப் பொறுத்து ராவுத்தர் திருடனாகவோ யோக்கியராகவோ ஆகியிருப்பார். மாமி குழாய்த் தண்ணீரை நன்றாகச் சுண்டவிட்டிருந்தால், அது கிணற்றின் கனத்துக்கு ஏறி வந்து நின்றிருக்கும். இரண்டும் ஒரே தண்ணீர் என்று கருவி சொல்லியிருக்கும். கருவிக்குச் சீரகம் தெரியாது. பாட்டில்களை எல்லாம் முற்றத்தில் கவிழ்த்தேன். சுபைதா அழாத குறை. இரண்டு தடவை காய்ச்சியது அல்லவா.

அன்று ஊர் திரும்புவதாக இருந்தேன், போகவில்லை. மறுநாள் விடியற்காலை மாமி வீட்டுக் குழாயடியில் நானே நின்றேன். முதலில் குழாய் இருமியது. பிறகு துருப்பிடித்த நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகுதான் தண்ணீர் வந்தது. பிடித்து, குமிழ் இல்லாமல் மூடி, மெழுகு ஒட்டினேன். ராவுத்தர் கிணற்றில் நானே இறைத்துப் பிடித்தேன். மாமி பின்னாலேயே வந்து, "கழுவாத கை" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டில்கள் வடக்கே ஒரு ஆய்வகத்துக்குப் போயின. அங்கேதான் அந்தக் கருவி உண்டு. அவர்களும் அரசாங்கத்தார் என்பதால் அவசரம் இல்லை. ஒரு மழைக்காலம் வந்து போனது. ராவுத்தரின் மைத்துனர் வாரந்தோறும் கல்லூரி வாசலுக்கு வந்து, "டீச்சர், அவர் ராத்திரி சாப்பிடறதில்லையாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் என்ன செய்ய முடியும்? பதினெட்டாம் நம்பர் ஆக்சிஜனுக்கே பதினெட்டு மேசை தாண்ட வேண்டியிருந்தது.

ஒருவழியாக முடிவு வந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. குழாய்த் தண்ணீரும் பெரியாறும் ஒரே லேசு, அண்ணன் தம்பி மாதிரி. ராவுத்தரின் கிணறு அவற்றைவிடக் கனம். கரையோர மழையின் கனம். உப்பும் அதற்கேற்ற மாதிரி மிகக் குறைவு. கிணற்றில் இருப்பது வானத்திலிருந்து மட்டாஞ்சேரி மண்ணில் விழுந்த மழை. யார் வீட்டுக் குழாயிலிருந்தும் வந்ததல்ல.

தபாலில் அனுப்பியிருக்கலாம். ராவுத்தரின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் நானே இரண்டாவது தடவை போனேன். முதலில் அதிகாரி. தாளைப் படிக்காமல், கடைசி வரியைத் தேடிப் பிடித்தார்.

"கிணற்றுத் தண்ணீர் கனமானது என்று போட்டிருக்கிறதே? அணு உலையில் போடுகிறார்களே, கனநீர், அதுவா?"

"இல்லை. அது ஹைட்ரஜன் சமாசாரம். இது ஆக்சிஜன். எல்லாத் தண்ணீரிலும் இது இருக்கிறது. உங்கள் மேசை மேல் இருக்கிற டம்ளரிலும் இருக்கிறது."

அவர் டம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்தார். "ஆனால் அவருடையதில் அதிகம்?"

"இம்மி அளவு அதிகம். அதனால்தான் அது உங்கள் குழாய்த் தண்ணீர் இல்லை என்று சொல்கிறோம்."

"எங்களுடையது லேசானது" என்றார் திருப்தியாக. நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அரசாங்கத்தில் இவ்வளவு சீக்கிரம் ஒரு வேலை நடந்து நான் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ராவுத்தர் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடையில் எல்லோருக்கும் காட்டினார், மூட்டை தூக்குகிறவர்களுக்கும் காட்டினார். அன்று மத்தியானம் அவர் வீட்டில் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் செய்திருந்தார்கள். எனக்காக மோர்க்குழம்பு தனியாக. அவர் மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டார். சுபைதா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கிளம்புமுன் சொல்லிக்கொள்ளப் போனேன். கிணற்றடி காய்ந்திருந்தது. காலை நேரத்தில் வாளிச் சத்தத்தில் பேச முடியாத இடம், ஒரு ஆளும் இல்லை. ராவுத்தர் துவைக்கல்லில் உட்கார்ந்திருந்தார். இலாகாவின் பியூன் அந்தப் பக்கத்துக்காரன். சாயாக்கடையில் சொல்லியிருக்கிறான்: ராவுத்தர் கள்ளன் இல்லையாம், ஆனால் அவர் கிணற்றில் அணுகுண்டு வெள்ளம் ஊறுகிறதாம், திருச்சியிலிருந்து வந்த டீச்சர் கண்டுபிடித்ததாம். பொழுது விடிவதற்குள் சந்து முழுக்கப் போய்விட்டது. இந்த வேகத்தில் படகு ஓட்டினால் எறணாகுளத்துக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் போகலாம்.

"என் பேரைக் காப்பாத்திக் குடுத்தீங்க டீச்சர்" என்றார் ராவுத்தர். "கிணறு போச்சு. கள்ளன்னு சொன்னப்போகூட எல்லாரும் வந்து எடுத்தாங்க. இப்போ நல்லவனாயிட்டேன், ஒருத்தரும் வரல்லே." காய்ந்து கிடந்த கயிற்றைக் காட்டினார். "எங்க அத்தா மௌத்தாகறப்போ, யாரு வந்தாலும் கயித்தைக் குடுன்னு சொல்லிட்டுப் போனாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சந்தின் நடுவில் நின்று எல்லோரையும் கூப்பிட்டேன். கூடினார்கள், இலவசமாகக் கிடைக்கிற எதற்கும் கூடுகிற ஜனம். கிணற்றடியில் நின்றுகொண்டு, கல்லூரியில் மூன்று வாரம் நடத்துவதை ஒரே மூச்சில் நடத்தினேன். சம்பந்தி வீட்டுப் பெரியப்பா உட்பட எல்லாம் சொன்னேன். இந்தக் கனம் கடலில் இருக்கிறது, இளநீரில் இருக்கிறது, உங்கள் ரத்தத்தில் இருக்கிறது என்றேன். ரத்தத்தில் இருக்கிறது என்றதும் ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டு, வாளியை இறக்கி இறைத்து, இரண்டு கையாலும் ஏந்தி மடமடவென்று குடித்தேன். கூட்டம் முழுதும் ஹா என்றது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பச்சவெள்ளம்!" என்றாள் யாரோ. "பச்சவெள்ளத்தைக் குடிச்சாச்சே!"

அணுகுண்டை மறந்துவிட்டார்கள். என் வயிற்றைப் பற்றித்தான் கவலை. ஒருத்தி சுக்குக்காப்பி போட ஓடினாள். இவர்களுக்கு விஞ்ஞானம் சொல்வதைவிடப் படகைத் தோளில் சுமக்கலாம்.

கோமதி மாமி மட்டும் நகரவில்லை. அவள் கையில் சொந்த வாளி, சொந்தக் கயிறு. அன்று காலை குழாயில் வந்தது ஒரு குடம்கூட இல்லை என்று பிறகு தெரிந்தது. வாளியை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள்:

"டீச்சர், நீங்க சொன்னதெல்லாம் சரியாத்தான் இருக்கும். நமக்கு அத்தனை படிப்பில்லை. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. நன்னாத் திளைக்க வெச்சா, அந்தக் கனம் போயிடுமோல்லியோ?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். துவைக்கல்லிலிருந்து ராவுத்தரும் தலை நிமிர்ந்தார்.

வகுப்பில் ஒரு பெண் இப்படிக் கேட்டிருந்தால் வெளியே நிற்கவைத்திருப்பேன். போகாது, கூடும். இந்தச் சந்துக்காரர்கள் காய்ச்சிய தண்ணீரை அதற்காகத்தான் அவர்கள் கண்ணெதிரிலேயே கீழே கொட்டினேன். அதை மட்டும் சரியாகச் சொல்ல முடியாதென்றால் எனக்கு எதற்கு டாக்டர் பட்டம்?

"போயிடும் மாமி" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமாப் போயிடும். வெட்டித் திளைக்கணும்."

"அவ்வளவுதானே! இதை மொதல்லயே சொல்லப்படாதோ? காலம்பறலேர்ந்து அடுப்பிலே உலை வெக்காம நிக்கறேன்" என்று மாமி கிணற்றடிக்கு ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி குடத்தோடு வந்தாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள்.

அந்தச் சந்தில் உண்மை தெரிந்தவர் என்னைத் தவிர ராவுத்தர் ஒருவர்தான். விரலைத் தேய்த்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு எழுந்து, "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, மாமியின் வாளிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.